ஆரம்பப் பிரிவுக்குக் கணினி: வாங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் கணினி படிப்பிக்க வேண்டும் என்ற பேச்சு கொழும்புப் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் கூட்டம் முடியும்போது மேசையில் மிஞ்சுவது ஒரு விலைப் பட்டியல்: ஸ்மார்ட் போர்ட் ஒன்று, டெப் இருபது, அறைக்கு ஏசி. தரம் 3 பிள்ளை செவ்வாய்க்கிழமை நாலாம் பாடவேளையில் என்ன செய்யப்போகிறது என்பது எந்தத் தாளிலும் இருக்காது. பிறகு மொனிட்டர், மவுஸ், கீபோர்ட் என்று படம் கீறிப் பெயர் எழுதுவதிலேயே ஒரு தவணை கழிந்துவிடும். நீச்சல் குளத்தின் படத்தைக் கீறிவிட்டு நீந்தப் பழகியாயிற்று என்று சொல்வதைப் போன்றது அது.

வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்து, கதிரைக்குச் சண்டை பிடித்து, இயந்திரங்கள் எழும்பும்வரை காத்திருந்தால் 12 நிமிடம் போய்விடும். மூடிவிட்டுத் திரும்பச் சப்பாத்துப் போட 5. மிச்சம் 23. ஒரு கணினிக்கு இருவர் என்றால் ஒரு பிள்ளையின் கையில் மவுஸ் இருக்கப்போவது 11 நிமிடம். மூவர் என்றால் மூன்றாவது பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, முதலாம் தவணைக்கு இயந்திரமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காசு இல்லாத பாடசாலைக்குச் சொல்லும் சமாதானம் அல்ல இது. வசதியுள்ள பாடசாலைக்கும் இதையேதான் சொல்வோம்.

வகுப்பறைத் தரையில் வெண்கட்டியால் 6க்கு 6 கட்டம் கீறுங்கள். ஒரு கட்டம் 45 சென்ரிமீற்றர், மொத்தம் 2.7 மீற்றர் சதுரம். மேசைகளை ஓரத்துக்குத் தள்ளினால் இடம் காணும். ஒரு பிள்ளை ரோபோ. இன்னொரு பிள்ளை கட்டளை அட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கும். அட்டைகள் மூன்றே வகை: ஓரடி முன்னே, இடம் திரும்பு, வலம் திரும்பு. எங்கே பிழைக்கும்? 'இடம் திரும்பு' என்றதும் ரோபோப் பிள்ளை திரும்பி, கூடவே ஓரடியும் வைத்துவிடும். திரும்புவது வேறு, நடப்பது வேறு என்பது ஏழு வயதில் இயல்பாக வராது. இரண்டாவது, ரோபோ நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடக்கை நமக்கு வலப்பக்கம். கட்டளை அடுக்கும் பிள்ளை தன் பக்கத்தை வைத்தே யோசிக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பி ரோபோவுக்குப் பின்னால் நிற்கவைத்து, அது திரும்பும்போதெல்லாம் தானும் திரும்பச் சொன்னால் குழப்பம் தீரும். ரோபோ பிழையான கட்டத்துக்குப் போய்விட்டால் ஆசிரியை திருத்தக் கூடாது. முதல் அட்டையிலிருந்து விரல் வைத்து வாசித்து, எந்த அட்டையில் வழி தப்பியது என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். பிழை தேடும் இந்தப் பழக்கம்தான் பாடத்தின் பாதி.

அடுத்தது புள்ளி அட்டைகள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல்லும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்த, கணினி இல்லாமல் கணினி படிப்பிக்கும் முறையில் இது பெயர்போன பாடம். ஐந்து பிறிஸ்டல் போர்ட் அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து நிற்பார்கள். வகுப்பின் வலக்கைப் பக்கக் கடைசியில் 1 வர வேண்டும். நிற்கும் பிள்ளைகளுக்கு அது எதிர்ப்பக்கமாகத் தெரிவதால் தரையில் முதலே இடம் குறித்துவிடுவது நல்லது. அட்டையைக் காட்டினால் உண்டு, திருப்பினால் இல்லை. இப்படி 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம்.

இந்த 31 தமிழுக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, கூட்டினால் 31. அ என்றால் 1, ஔ 12, ஃ 13, க் 14 என்று நெடுங்கணக்கு வரிசையில் போனால் கடைசி ன் சரியாக 31இல் விழும். ஐந்து அட்டையும் திறந்திருந்தால் அது ன். 0 மிஞ்சுகிறது, அதைச் சொல்லுக்குச் சொல் இடைவெளியாக வைத்துக்கொள்ளலாம். 'அம்மா' என்பதை அ, ம், ம், ஆ என்று பிரித்தால் 1, 23, 23, 2. ம் வர வேண்டுமானால் 16, 4, 2, 1 திறந்து 8 மூடியிருக்க வேண்டும். பிள்ளைகள் தம் பெயரை இப்படி அனுப்பி விளையாடும்போது, கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது என்பதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உயிர்மெய்யைப் பிரிக்கும் இலக்கணமும் கூடவே வந்துவிடுகிறது. இதைத் தரம் 4இல் செய்துவிட வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் வருடம். அங்கே கணினிப் பாடவேளை என்று நேரசூசியில் இருப்பது பெரும்பாலும் மாதிரி வினாத்தாள் செய்யும் நேரம்தான் என்பதை எல்லாரும் அறிவோம்.

இரண்டாம் தவணைக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர்: கட்டளைக் கட்டைகளை ஒட்டித் திரையில் ஒரு பூனையை நடக்கவைக்கும் செயலி. 2014இல் வந்தது, 5 முதல் 7 வயதுக்கானது, இலவசம். ஒருமுறை டெப்பில் இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். கட்டளைக் கட்டைகளில் படம்தான் இருக்கிறது, எழுத்து இல்லை. ஆகவே தமிழ் மொழிமூலப் பிள்ளைக்குத் தடையே இல்லை. இரண்டு பேருக்கு ஒரு டெப், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். வழமையான பிழைகள் சில. பச்சைக் கொடிக் கட்டையை முன்னால் வைக்க மறந்துவிட்டுக் கொடியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள், பூனை அசையாது. பத்து அடி நடக்க நடைக் கட்டை பத்தை ஒட்டுவார்கள். அதை முதல் கிழமை விட்டுவிடுங்கள், அடுத்த கிழமை கட்டையின் கீழே உள்ள எண்ணை மாற்றலாம் என்று காட்டுங்கள். பத்துக் கட்டை ஒட்டிக் களைத்த பிள்ளைக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். மேடை அகலவாக்கில் 20 கட்டம், உயரவாக்கில் 15. கரையைத் தாண்டும் பூனை மறுகரையில் வரும்போது 'கெட்டுப்போச்சு' என்று அழும் பிள்ளையும் உண்டு. இவற்றைவிட உண்மையான தொல்லை வேறு: ஒரே டெப்பை மூன்று வகுப்புகள் பாவிக்கும்போது எல்லா வேலையும் ஒரே மாதிரிப் பெயரில் சேமிக்கப்படும். முதல் நாளே வகுப்பும் சோடி இலக்கமும் சேர்த்துப் பெயர் மாற்றப் பழக்காவிட்டால் ஒருவரின் வேலைமேல் மற்றவர் வேலை செய்துவிடுவார். டெப்புக்குப் பதிலாக மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள், சிறு கைக்கு டச்பேட் ஒத்துவராது என்பதைக் கணக்கில் எடுத்து மவுஸுக்கும் காசு ஒதுக்க வேண்டும்.

மூன்றாம் தவணையைத் தமிழ்த் தட்டச்சுக்கு விட்டுவிடுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. நம்முடைய பாடசாலைகளில் வினாத்தாள்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்படுகின்றன. பாமினி என்பது உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் கழன்று குப்பையாகத் தெரியும். வட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, தேடினால் கிடைக்காது. பிள்ளைகள், தமிழ் எழுத்துக்கே தனி எண் தரும் பொதுமுறையான யுனிகோடில் தொடங்க வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சு வேண்டாம். எந்த விசைப்பலகை என்பதுதான் கேள்வி.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறை பெரியவர்களுக்கு வசதி. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. ஆங்கில எழுத்தே அப்போதுதான் படியத் தொடங்குகிறது. அதற்குள் ந, ன, ண மூன்றையும் ஏறக்குறைய ஒரே ஆங்கில எழுத்துக்குள் அடக்கச் சொல்கிறோம். ல, ள, ழவும் அப்படியே. எழுத்துப் பிழை விடும் பிள்ளையை மேலும் பிழை விடப் பழக்கும் முறை அது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டில் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை இவர்களுக்கு ஏற்றது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'கொழும்பு' என்று அடித்துப் பாருங்கள்: க, ஒ, ழ, உ, ம, ப, உ. ஏழு தட்டு. மவுக்குப் பின்னால் ப வந்தால் ம் தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். ஒரே எழுத்து இருமுறை வந்தாலும் முதலாவது புள்ளி வாங்கும். மென்பொருளைப் போட்டபின் இந்த ஒரு சொல்லை அடித்துப் பார்த்தாலே அது முழுமையான தமிழ் 99தானா என்று தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ் 99 இருக்கிறது. பாமினி விசைக்குக் கை பழகிய ஆசிரியர்கள் அதே விசைகளால் யுனிகோடில் அடிக்கவும் அதில் வழி உண்டு.

கையெழுத்தில் கொம்பை முதலில் போடும் பிள்ளை இங்கேயும் கொம்பைத் தேடும். 'முதலில் க, பிறகு ஒ' என்று வாயால் சொல்லிக்கொண்டே அடிக்கவைத்தால் இரண்டு கிழமையில் சரியாகிவிடும். காலுக்குப் பதிலாக ர அடிப்பதும் ஔவுக்குப் பதிலாக ஒவும் ளவும் அடிப்பதும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள். 'கௌரவம்' என்பதைக் கெ, ள என்று அடித்தால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால்தான் அகப்படாது. பத்திரிகைகளின் இணையப் பக்கங்களிலேயே இது தாராளமாக உண்டு, குறை நினைக்க வேண்டாம். விசைகளில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். கொழும்பு வெக்கையில் மூன்று மாதத்தில் உரியத் தொடங்கும், பிள்ளையும் குனிந்தபடியே இருக்கும். வரைபடத்தை மொனிட்டருக்கு மேலே ஒட்டினால் கண் மேலேயே நிற்கும். ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். அதற்குமேல் சின்ன விரல்கள் களைத்துவிடும்.

பராமரிப்புக்கு வருவோம். வாங்கும் தொகையில் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கி வைக்காத கணினி அறை இரண்டாம் வருடம் பூட்டப்படும். சில 'இன்டர்நெட் கோளாறு' 3 வோல்ட் நாணய பற்றரியில் இருக்கிறது. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பற்றரி செத்தால் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும், பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்தப் பற்றரி தெரியாமல் ரவுட்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்று ரெம் எனும் நினைவக அட்டையின் தொடுகைகளில் படியும். கணினி எழும்பாமல் கத்தினால் மின்னை முழுதாகத் துண்டித்துவிட்டு ரெம்மைக் கழற்றி, அந்தப் பித்தளை நிறத் தொடுகைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் பூட்டிப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டியாக மாற்றுவது, முன்னே சொன்ன 12 நிமிடத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரங்களைக் கழிக்காமல் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டால் தட்டச்சு வகுப்புக்குத் தாராளம். டெப்புகளை விடுமுறைக்கு முழு சார்ஜிலும் வைக்காதீர்கள், வெறுமையாகவும் வைக்காதீர்கள். பாதியில் நிறுத்தி அணைத்து வையுங்கள். யூபிஎஸ்ஸுக்கு நேர்மாறு: நீண்ட நாள் சார்ஜ் ஏற்றாமல் விட்டால் அதன் ஈய பற்றரி கெட்டுவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டிக்டொக்கிலும் வட்ஸ்அப்பிலும் பிள்ளை சொந்தமாகக் கணக்குத் திறக்கக் குறைந்தபட்ச வயது 13. தரம் 3 பிள்ளைக்கு அம்மாவின் போனில் தனிக்கணக்குத் திறந்து கொடுத்துவிட்டுப் பாடசாலையில் இணையப் பாதுகாப்புப் படிப்பிக்கவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை. யாராவது தொந்தரவு செய்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கே மனப்பாடமாக்கி விடுங்கள்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் விசைப்பலகை இல்லாத பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் நிறைய. தங்கள் சிறுவர் பகுதியில் தமிழ் 99 விசைகளை உண்மை அளவில் அச்சிடலாம். விசைக்கு விசை 19 மில்லிமீற்றர் இடைவெளி. எழுத்துள்ள மூன்று வரிசை மட்டும் என்றால் அகலம் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர், உயரம் 6. பக்கத்தின் ஒரு மூலை போதும். அட்டையில் ஒட்டி விரல் பழகலாம். ஆனால் அச்சகத்தில் இடம் போதாதென்று படத்தைச் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; 19 மில்லிமீற்றர் 15 ஆனால் பழகிய விரல் உண்மை விசைப்பலகையில் பக்கத்து எழுத்தில்தான் விழும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியைகள் இருவர்,
கொழும்பு 13