ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆத்தங்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு, வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் வீடு கட்டிக் கொடுக்கிறவன். உங்கள் கைவேலை சிமெண்ட் டைல்ஸ் கல்லை வாங்கிப் போட்டிருக்கிறேன், இனிமேலும் போடுவேன், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நான் பார்த்த வரையில் உங்களில் நிறையப் பேருக்குச் சொந்தமாக வெப்சைட் இல்லை. வைத்திருக்கிற சிலருடையதைத் திறந்தாலும் ஒரு போன் நம்பரும் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற வரியும்தான் இருக்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் ஒரு சதுர அடி கல்கூட வாங்க முடியாது.

கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சை இறக்கி, கட்டம் கட்டமாக வர்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ கலையாமல் நிற்கிறதே, அந்த வீடியோவை யூடியூபில் ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது. கீழே கமெண்டில் எல்லா மொழியிலும் ஒரே கேள்விதான்: விலை என்ன, எங்கே கிடைக்கும், எங்க ஊருக்கு அனுப்புவாங்களா? பதில் சொல்ல ஆளில்லை. வீடியோ எடுத்தவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்ப் பணியாரம் சுடுவதை எடுத்துக்கொண்டிருப்பார்.

கேட்டவர் சும்மா இருப்பாரா? கூகுளில் தேடுவார். அங்கே முதலில் வந்து நிற்பது நீங்கள் இல்லை, உங்கள் கல்லை வாங்கி விற்கிற பெருநகர வியாபாரி. இல்லாவிட்டால் "ஆத்தங்குடி டிசைன்" என்று பெயர் போட்டு, மெஷினில் பிரிண்ட் அடித்து வருகிற செராமிக் டைல்ஸ். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் கல்லுக்குச் சூளை கிடையாது, மெஷின் பாலிஷ் கிடையாது, கண்ணாடியில் படிந்த முகம்தான் அந்தப் பளபளப்பு, மேலே தெரிகிற வர்ணம் வெறும் பிரிண்ட் இல்லை என்பதையெல்லாம் நீங்கள்தானே சொல்ல வேண்டும்? எங்கே சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

எனக்கு வீட்டு வேலை கொடுத்த ஒரு அம்மா, கூடத்துக்கு உங்கள் கல்தான் வேண்டும் என்று ஆசையாக இருந்தார். ஒரு பட்டறைக்குப் போன் போட்டார். எடுத்தவர் கையெல்லாம் சிமெண்ட், "சாயங்காலம் கூப்பிடுங்கம்மா" என்றார். அதில் தப்பே இல்லை, வேலை செய்கிற நேரம் அது. ராத்திரி வாட்ஸ்அப்பில் வரிசையாகப் போட்டோ வந்து விழுந்தது. ஒன்றிலும் நம்பர் இல்லை, அளவு இல்லை, சிலதில் எடுத்தவரின் நிழல் பாதிக் கல்லை மறைத்தது. அந்த அம்மா பொறுமையாகத் தேடி ஒன்றை வட்டம் போட்டு அனுப்பினார். "அந்த அச்சு இப்ப ஓடலைங்க" என்று பதில் வந்தது. இன்னொன்றைக் காட்டினார், அதற்குப் பதிலே இல்லை. கடைசியில் கடைக்குப் போய் விட்ரிஃபைடு என்கிற ஃபாக்டரி டைல்ஸ் வாங்கிவிட்டார். விலை அதிகம் என்றா உங்களை விட்டுப் போனார்? விலை வரைக்கும் பேச்சே வரவில்லை.

வெப்சைட் என்றால் விளம்பரம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். தினமும் போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, அதை ஒரு தடவை எழுதி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். எட்டு அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 கல், பத்து அங்குலம் என்றால் 144, உடைசலுக்கு எத்தனை கூடுதலாக வாங்க வேண்டும், முக்கால் அங்குலக் கனம் என்பதால் சதுர அடிக்குச் சுமார் நான்கு கிலோ வரும், ஆக ஆயிரம் சதுர அடி என்றால் நான்கு டன், அதற்கு என்ன வண்டி பிடிப்பது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யார் தலையில், தண்ணீரில் ஊறிக் காய எத்தனை நாள், மழைக்காலத்தில் எவ்வளவு தள்ளிப்போகும். எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது தெரிந்தால்தான் எஸ்டிமேட்டே போட முடியும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு லாரி வாடகையைக் கேட்டு வீட்டுக்காரர் மயங்கி விழுந்தால் பதில் சொல்வது நான்.

கல் பதிக்கிற விஷயம் அதைவிட முக்கியம். விட்ரிஃபைடு போட்டுப் பழகிய மேஸ்திரி உங்கள் கல்லையும் அதே மாதிரி நடுவில் இடைவெளிக்கு ஸ்பேசர் வைத்துப் போடுவார், வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவார், சிமெண்ட் முகம் அரித்துப்போகும். வீட்டுக்காரர் யாரைத் திட்டுவார்? "ஆத்தங்குடி கல்லே சரியில்லை" என்பார். ஆசிட் கூடாது, எலுமிச்சையும் புளியும் சிந்தினால் உடனே துடைக்கணும், பெயிண்ட் வேலையை முடித்துவிட்டுக் கல் போடுங்கள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் நடக்க நடக்க மினுமினுப்பு ஏறும் என்று ஒரு பக்கம் எழுதி, உங்கள் ஊர் மேஸ்திரி கல் பதிக்கிற சின்ன வீடியோ ஒன்றையும் சேர்த்துவிட்டால் பாதிப் புகார் வரவே வராது. அந்த லிங்க்கை என் மேஸ்திரிக்கு நானே அனுப்பி வைப்பேன்.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் போதாதா என்பீர்கள். இருக்கட்டும், விட வேண்டாம். ஆனால் அது நமது இடம் இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை நம்பிக் கடை நடத்தியவர்களின் கூட்டம் ஒரே ராத்திரியில் போனது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போலப் படுத்துவிட்டன. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுளே இலவசமாக ஒரு வெப்சைட் கொடுத்து வந்தது, 2024 மார்ச்சில் அதையும் மூடிவிட்டது. மேப்பில் பதிவதற்கு இப்போதும் காசு இல்லை, அதை இன்றைக்கே செய்துவிடுங்கள், வேலை நேரத்தையும் சரியாகப் போடுங்கள்.

அப்புறம், வெப்சைட் செய்து தருகிறேன் என்று வருகிற தம்பிகளிடம் கொஞ்சம் உஷார். டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அது செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது, அந்த ஆள் வேறு ஊர் போய்விட்டார், புதுப்பிக்க ஆளில்லாமல் பெயர் கைநழுவிப் போனது. சாதாரண .இன் டொமைனுக்கு வருஷத்துக்குப் பெரிய செலவில்லை, அதில் ஏன் அடுத்தவர் கையை எதிர்பார்க்கணும்? வழுக்கி வழுக்கி ஓடும் படமும், சோபாவில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பமும் வேண்டவே வேண்டாம். திறக்க நேரமானால் ஆள் போய்விடுவார். கல்லை நிழலான வெளிச்சத்தில், ஈரமில்லாமல் வைத்து எடுத்த நேர்ப்படம் போதும். கைவேலை என்பதால் ஒரு லாட்டுக்கும் இன்னொன்றுக்கும் வர்ணம் லேசாக மாறும் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழில் ஒரு தடவை, கேரளாக்காரரும் பெங்களூர்க்காரரும் படிக்க ஆங்கிலத்தில் ஒரு தடவை.

விலையைப் போட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் குறைத்துப் போடுவார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சரி, "இத்தனை ரூபாயிலிருந்து" என்றாவது போடுங்கள். ஒன்றுமே போடாவிட்டால் கட்டுப்படியாகாது என்று வாங்க வருகிறவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இப்போது ஓடுகிற அச்சுகளை மட்டும் நம்பர் போட்டு, அளவோடு, போட்டோவோடு ஒரு பக்கத்தில் ஏற்றுங்கள். எனக்கு அடுத்து ஒரு பூஜை அறையும் திண்ணையும் இருக்கிறது, சிவப்பும் மஞ்சளும், போர்டர் கல் தனி. யார் முதலில் அந்தப் பக்கத்தை அனுப்புகிறீர்களோ, வீட்டுக்காரரிடம் அதைத்தான் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு காண்ட்ராக்டர்