'ஹில்' என்றால் குன்றுதானா?

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீங்கள் மீண்டும் வயல்வரை நடந்து போய்வருவதாக எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. நான் நலம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் தொய்வின்றி நடக்கிறது.

சென்ற வகுப்பில் ஒரு சிறுமி, 'ஹில்' என்பதற்கு அகராதி தரும் பொருளை அப்படியே எடுத்து, "எங்கள் வீடு குன்றின்மேல் இருக்கிறது" என்று எழுதிவந்தாள். இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியின் அந்தச் செங்குத்தான தெருவில் அவளுடைய பாட்டி காய்கறிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதை 'மேடு' என்று திருத்தினேன்.

ஆங்கிலேயரிடமும் இச்சொல்லுக்கு உறுதியான அளவு கிடையாது. 2,000 அடியைத் தாண்டினால் 'மவுண்டன்' என்பது பிரிட்டனில் பரவலான வழக்கு; ஆனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா நிற்கும் நீலகிரியை 'ஹில்ஸ்' என்றும், மூச்சிரைக்காமல் படியேறிவிடக்கூடிய பரங்கிமலையை 'மவுண்ட்' என்றும் அவர்களே எழுதினார்கள். நம் பேச்சில் இரண்டும் மலைதான். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே, 'ஆயிரம் ஹில்களின் பள்ளத்தாக்கு' என்று பெயர்பெற்ற இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு செல்லும் பசும்புல் முகடுகளைப் பார்க்கும்போதுதான் 'குன்று' என்ற சொல் எனக்கு இயல்பாக வாயில் வருகிறது.

வயது கடந்தவரை 'ஹில்லைத் தாண்டிவிட்டார்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன என்று ஒரு பையன் கேட்டான். "அந்தக் காலம் மலையேறிவிட்டது" என்றேன். சொன்னபிறகு அதையே நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு உச்சி கடந்து இறங்குவது தளர்ச்சி. நமக்கோ ஏறுவதே விடைபெறுவது. காவடித் திருவிழாவில் அருள் வந்து ஆடியவர் ஓய்ந்ததும், "சாமி மலையேறிவிட்டது" என்று இங்கும் பெரியவர்கள் சொல்வார்கள். என் அம்மா ஒருநாளும் விளக்கு அணைந்தது என்று சொன்னதில்லை, மலையேறியது என்பார். தெய்வம் குடியிருக்கும் இடம் மலை என்று எண்ணியவர்களின் பேச்சு அது.

உங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சிறு குன்றைப் 'பொத்தை' என்பார்களே, அது வெறும் பாறைக்கு மட்டுமா, மரஞ்செடி அடர்ந்ததற்கும் உண்டா? மதுரைப் பக்கத்தில் 'கரடு' என்பதும் அதுவும் ஒன்றுதானா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்