மாத்திரை இருக்கட்டும், முதலில் ஸ்கோப்

சிங்கப்பூர்

அன்புள்ள கயல்,

பெர்த்திலும் இங்கேயும் கடிகாரம் ஒரே நேரம்தான் காட்டுகிறது. நினைத்தவுடன் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டால் நீ பேசுவாய், அதுவும் இருக்கிற குரலை இழுத்துப் பிடித்துப் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் "ம்மா, படிச்சேன்" என்று போன் போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போதும்.

குரல் கம்மி ஒன்றரை மாதமாகிறது. அங்கே டாக்டர் "சைலண்ட் ரிஃப்ளக்ஸ்", அதாவது நெஞ்செரிச்சல் இல்லாமலே வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறுகிறது என்று சொல்லி, காலையிலும் இரவிலும் போட அமில மாத்திரை கொடுத்திருக்கிறார். மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார்களே, அந்த ஸ்கோப் விட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன், இல்லை என்றாய். என்னை உறுத்துவது அதுதான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் தாதியாக இருந்தே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் துறையில் என்ன வந்தாலும் தேடிப் படிக்கிறேன். உன் அப்பா செய்தித்தாளில் குதிரைப் பந்தயப் பக்கம் படித்த மாதிரி என்று வைத்துக்கொள்.

டாப்பிட்ஸ் என்று ஓர் ஆய்வு, 2021-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பிரிட்டனில் எட்டு இடங்கள், 346 பேர். எல்லோருக்கும் நாள்பட்ட தொண்டைத் தொல்லை: குரல் கம்மல், செருமல், ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஓர் உணர்வு. பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அமில மாத்திரை 30 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 16 வாரம். மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. தொல்லையை மதிப்பெண் போட்டு அளந்தார்கள். எண் கூடினால் தொல்லை கூடுதல். ஆரம்பத்தில் இரண்டு தரப்பும் 22 வாக்கில் நின்றது. கடைசியில் மருந்து தின்றவர்கள் 17.4, வெறும் மாத்திரை தின்றவர்கள் 15.6. இதை வைத்து வெறும் மாத்திரைதான் உசத்தி என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் ஓரளவு தேறினார்கள், மருந்தால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று உனக்கு இருந்தால் அது வேறு கதை, அதற்கு அந்த மாத்திரை நன்றாகவே கேட்கும். உனக்குத்தான் அப்படி எதுவும் இல்லையே. தேக்காவில் மிளகாய் பஜ்ஜியைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்று செரித்த வயிறு உன்னுடையது.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2018-இல் குரல் கம்மலுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நான்கு வாரத்தில் குரல் தேறவில்லை என்றால் குரல்வளையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல், புகைப்பழக்கம் என்று ஏதாவது இருந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குரலை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் சீக்கிரமே பார்த்துவிடலாம். பார்க்காமல் அமில மாத்திரையோ, ஸ்டீராய்டோ எழுதக் கூடாது, ஆன்டிபயாட்டிக்கை வழக்கமாக எழுதவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. நீ வகுப்பறையில் நின்று பிழைப்பவள். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இதற்கு மேல் என்ன யோசனை?

ஸ்கோப் என்றால் பயப்படாதே. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைப் பீய்ச்சுவார்கள். அது பின்தொண்டையில் இறங்கும்போது ஒரே கசப்பு, எச்சில் விழுங்கவே முடியாதது போல இருக்கும், முடியும். பிறகு நூடுல்ஸ் தடிமனில் வளையும் குழாய் ஒன்றை மூக்கு வழியாக விடுவார்கள். வாந்தி வருகிற இடத்தைத் தொடாமலே போய்விடும். "ஈ" என்று இழுக்கச் சொல்வார்கள், பிறகு மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வார்கள். திரையில் வெள்ளையாக இரண்டு பட்டைகள் V மாதிரி விரிந்து மூடும், அவைதான் குரல்நாண்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே ஸ்ட்ரோப் விளக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். பெண்களுக்குப் பேசும்போது குரல்நாண் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதும். அந்த வேகத்தைக் கண் பிடிக்காது. விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் அசைவு மெதுவாகத் தெரியும். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே சரியாக மூடவில்லை என்பதெல்லாம் அதில்தான் வரும்.

உயிரோடு இருக்கும் மனிதனின் குரல்நாணைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பெயர் வாங்கியவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா என்று பெயர். 1854-இல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள்ளேயே விட்டு, வெயிலைத் திருப்பிப் பார்த்தார். மறு வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் கட்டுரையாகக் கொடுத்தார். 101 வயது வரை இருந்தார். வாத்தியார்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி என்று சொல்லி வைத்தேன்.

பார்த்தால் என்ன தெரியும்? என் கணிப்பு நோடியூல். குரல்நாணின் முன் மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் இடத்தில்தான் மோதல் அதிகம். அங்கே இரண்டு பக்கமும் எதிரெதிரே தடித்துக்கொள்ளும். கத்தி வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, பேச்சுப் பயிற்சிதான் முதல் வைத்தியம். ஆனால் இது வெறும் கணிப்பு. பாலிப் என்கிற சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம், ஒரு பக்கம் அசைவு குறைந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பார்க்காமல் சொன்னால் எனக்கும் உன் டாக்டருக்கும் என்ன வித்தியாசம்?

இது உனக்கு மட்டும் வந்ததும் இல்லை. அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் ஆசிரியர்களையும் மற்ற வேலைக்காரர்களையும் விசாரித்து 2004-இல் வெளியிட்டார்கள். கேட்ட சமயத்தில் குரல் தொல்லையோடு இருந்த ஆசிரியர்கள் 11 சதவீதம், மற்றவர்கள் 6.2. வாழ்நாளில் ஒரு முறையாவது வந்ததா என்று கேட்டால் ஆசிரியர்கள் 57.7, மற்றவர்கள் 28.8. சத்தம் இருக்கிற இடத்தில் நம்மையறியாமலே குரலை உயர்த்துவோம். ஏதியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே இதைச் சொல்லிவிட்டார். இங்கே தலைக்கு மேல் மின்விசிறிச் சத்தம், ஜன்னலுக்கு வெளியே எம்ஆர்டி ரயில். அங்கே உனக்கு முப்பது வாண்டுகள்.

அதனால் மைக் போடு. "சின்ன வகுப்புதானே, வெட்கமாக இருக்கிறது" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. குரல் கெட்ட ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. ஒரு குழுவுக்கு இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கி. ஒரு குழுவுக்குத் தண்ணீர் குடி, கத்தாதே என்கிற அறிவுரை. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. தேறியது ஒலிபெருக்கிக் குழு. அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்குச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அறிவுரையின் மதிப்பு அவ்வளவுதான் என்று நீ சிரிப்பாய், சிரி. சத்தமில்லாமல்.

கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு ஆகாது. 2006-இல் 100 பேருக்கு ஸ்கோப் வைத்துக் கிசுகிசுக்கச் சொன்னார்கள். 69 பேருக்குக் குரல்நாணுக்கு மேலே இருக்கிற தசைகள் இன்னும் இறுகின. 13 பேருக்குத் தளர்ந்தன. நீ எந்த வகை என்பதும் ஸ்கோப்பில்தான் தெரியும். அதுவரை கிசுகிசுப்பு வேண்டாம், மெதுவாகச் சாதாரணக் குரலில் பேசு. செருமாதே, செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர்.

பாட்டி அதிமதுரம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்புகிறேன். தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல்நாணில் படாது. பட்டால் புரையேறும். பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீயும் சொல்லாதே.

ஸ்ட்ரா பயிற்சி பற்றிக் கேட்டாயே, அது வெறும் யூடியூப் வித்தை இல்லை. பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவின் நுனியை விரல்நுனி அளவு மட்டும் முக்கி, "ஊ" என்று குமிழி வர ஊது. வெறும் காற்று இல்லை, குரலோடு. வாயில் தங்கும் அழுத்தம் திரும்பிப் போய்க் குரல்நாணைச் சற்று விலக்கிப் பிடிக்கும், மோதல் மெத்தென்று ஆகும். இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி இதன் இயற்பியலை விளக்கி எழுதியிருக்கிறார். ஆனால் இதையும் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகு ஒழுங்காகச் செய்.

சரி, நீ கேட்கத் தயங்கியதற்கு வருகிறேன். "பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?" என்று அன்று பாதியில் நிறுத்தினாய். இல்லை. அவருக்கு வந்தது கன்னத்தின் உட்புறம். வெற்றிலை, பாக்கு, புகையிலையை அதே கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கியே வந்தது. பாக்கு மட்டும் போதும், புற்று வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்டது. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். உனக்குச் சிகரெட் இல்லை, பாக்கு இல்லை, வயதும் இல்லை. பயப்பட வேண்டிய ஆள் நீ இல்லை. இருந்தாலும் குரல்நாணில் வரும் புற்றுக்கு ஒரு குணம் உண்டு. சிறிதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். மாத்திரை தின்று நாளைக் கடத்தினால் அந்த வாய்ப்பு வீணாகிறது.

பெரியப்பாவுக்கு வாயில் மட்டும் அறுவை செய்தார்கள். கழுத்தில் கட்டி தென்படவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அன்றைக்கு அதுவும் வழக்கம்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனைதான் அந்தக் கேள்வியைத் தீர்த்தது. ஆரம்பக் கட்ட வாய்ப்புற்றுக்கு, முதல் அறுவையிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்து எடுத்தவர்களில் 67.5. 2015-இல் வந்தது. படித்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மருத்துவமனை 2023-இல் இன்னொன்று செய்தது. நிவோலுமாப் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து, பணக்காரர் மருந்து. வழக்கமாக நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுவார்கள். இவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராமை, விலை குறைந்த வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். குணப்படுத்தும் கட்டம் தாண்டிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள். ஒரு வருடம் தாண்டியவர்கள், வாய்வழி மருந்து மட்டும் தின்றவர்களில் 16.3 சதவீதம், இதையும் சேர்த்து ஏற்றியவர்களில் 43.4. 2025-இல் அதே வகை மருந்தான பெம்புரோலிசுமாபைத் தலை, கழுத்துப் புற்று அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்த பெரிய ஆய்வும் வந்திருக்கிறது, 714 பேர். நோய் திரும்பாமல், முற்றாமல், உயிரோடு கழிந்த இடைநிலைக் காலம் 30.4 மாதத்திலிருந்து 51.8 மாதமாக நீண்டது. பெரியப்பா பட்ட பாடு இப்போது வருகிறவர்களுக்கு அப்படியே இல்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆக, திங்கட்கிழமை அந்த டாக்டரிடம் போய்க் காது மூக்கு தொண்டை நிபுணருக்குக் கடிதம் கேள். "ஸ்ட்ரோபோஸ்கோப்பி" என்று தாளில் எழுதிக் காட்டு. மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நீயாக நிறுத்தாதே, அவரிடமே கேட்டு நிறுத்து. அறிக்கை வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

சித்தி மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய மைக் செட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். வாய்க்கு நேராக வைக்காதே, வாயோரமாக வளைத்துக்கொள், இல்லையென்றால் "ப", "பா" எல்லாம் வெடிக்கும். சார்ஜர் நம்மூர் மூன்று கால் பிளக், அங்கே சேராது. ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்.

அம்மா