777 போடுவதற்கு முன்: கணினி ஆய்வக அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி ஆய்வகங்களில் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்மின்களுக்கு,

வணக்கம். ஸ்கிரிப்ட் ஓடவில்லை, 'பெர்மிஷன் டினைடு' என்று மாணவர் வந்து நின்றதும் உங்கள் கை இரண்டில் ஒன்றுக்குத்தான் போகிறது: சிஎச்மாட் -ஆர் 777 (ஃபோல்டருக்குள் உள்ள எல்லாவற்றையும் எவரும் படிக்க, எழுத, ஓட்ட விடுவது), அல்லது சூடோ (ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்டுவது). இரண்டும் அந்த நேரத்துக்கு வேலை செய்யும். பிறகு வேறு கோளாறாகத் திரும்பி வரும். இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த ஒற்றை வாசகத்துக்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. எல்லாருக்கும் தெரிந்தது, கோப்புக்கு எக்ஸ், அதாவது ஓட்டும் அனுமதி, இல்லாதது. அதற்கு அட்மினே தேவையில்லை. கோப்பின் சொந்தக்காரர் சிஎச்மாட் யூ+எக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பாஷ் என்று முன்னால் கொடுத்து ஓட்டினால் எக்ஸ்கூட வேண்டாம், படிக்கும் அனுமதி போதும். ஆனால் எக்ஸ் மட்டும் இருந்து படிக்கும் அனுமதி இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஓடாது. பாஷோ பைதானோ அதைத் திறந்து படித்தாக வேண்டுமே.

அதிகம் ஏமாற்றுவது பாதைதான். ஆசிரியர் தன் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு ஸ்கிரிப்டை வைத்து, அதற்கு 755 (எல்லாரும் படிக்கலாம், ஓட்டலாம்; எழுதுவது சொந்தக்காரர் மட்டும்) கொடுத்து, "எல்லாரும் ஓட்டுங்கள்" என்பார். யாருக்கும் ஓடாது. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 (சொந்தக்காரரும் குழுவும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை) ஆகவே உருவாகின்றன. குழுவில் இல்லாதவர் வாசலைத் தாண்ட முடியாது. ஃபோல்டரில் எக்ஸ் என்பது அதைக் கடந்து உள்ளே போகும் அனுமதி. இது தெரியாமல் ஸ்கிரிப்டுக்கு 777 கொடுப்பது, தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறைக் கதவைக் கழற்றி வைப்பது போல. நேம்ஐ -எல் என்று அடித்து முழுப் பாதையையும் கொடுங்கள். வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியும் சொந்தக்காரரும் வரிசையாக வரும். அடைத்துக்கொண்டிருக்கும் படி எது என்று அதிலேயே தெரியும். பொது ஸ்கிரிப்டுகளுக்கு யாருடைய ஹோமும் இடமில்லை, /ஆப்ட் அல்லது /எஸ்ஆர்வி-யில் வையுங்கள்.

அடுத்தது பென்டிரைவ். ஃபேட், எக்ஸ்ஃபேட் கோப்பு முறைகளில் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க இடமே கிடையாது, அதனால் சிஎச்மாட் அங்கே எடுபடாது. ஃபைண்ட்மவுண்ட் -டி (பெரிய எழுத்து T) என்று கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் மவுண்ட் விருப்பங்கள், அதாவது டிரைவ் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பது, வரும். நோஎக்ஸெக் இருந்தால் எந்தக் கோப்பையும் நேரடியாக ஓட்ட முடியாது. ஃபேட்டில் ஷோஎக்ஸெக் இருந்தால் .இஎக்ஸ்இ, .காம், .பேட் என்று முடியும் பெயர்களுக்கு மட்டுமே எக்ஸ் கிடைக்கும். ஸ்கிரிப்டை ஹோமுக்கு நகலெடுத்து ஓட்டச் சொன்னால் தீர்ந்தது. (விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்றால் அது அனுமதிச் சிக்கலே அல்ல. வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துதான் காரணம், டாஸ்டுயூனிக்ஸ் போதும்.)

இனி சூடோ. ஒருமுறை சூடோ போட்டு ஓட்டிய ஸ்கிரிப்ட், மாணவரின் ஃபோல்டருக்குள்ளேயே லாக், கேஷ் கோப்புகளை ரூட் பெயரில் உருவாக்கிவிட்டுப் போகும். மறுநாள் அவர் சாதாரணமாக ஓட்டும்போது தன் வீட்டிலேயே எழுத முடியாமல் நிற்பார். மறுபடி சூடோ கேட்பார். கொடுத்தால் ரூட் கோப்புகள் இன்னும் பெருகும். ஹோமுக்குள் ஃபைண்ட் கட்டளையை -யூசர் ரூட் என்று ஓட்டி அவற்றைப் பட்டியலிடுங்கள். சிஎச்ஓன் மூலம் சொந்தக்காரரை ஒரே தடவையில் திருத்திவிடலாம்.

777-ன் சேதம் இதைவிட மோசம். ஹோமுக்கு அதைப் போட்டால், பிறர் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கும் சாவியை நம்ப மாட்டேன் என்று எஸ்எஸ்எச் மறுத்துவிடும். /யூஎஸ்ஆர் மேல் போட்டால் சூடோவை ரூட்டாக ஓட வைக்கும் செட்யூஐடி பிட்டே போய்விடும். பிறகு சூடோவே ஓடாது. பொது ஃபோல்டருக்குப் போட்டால் யாருடைய கோப்பையும் யாரும் அழிக்கலாம். அழிப்பதைத் தீர்மானிப்பது கோப்பின் அனுமதி அல்ல, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதி.

பொது ஃபோல்டர் வேண்டுமென்றால் முறையாக அமையுங்கள். ஒரு குழு உருவாக்கி, ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி, 2770 கொடுங்கள் (770 என்பது சொந்தக்காரருக்கும் குழுவுக்கும் மட்டும் முழு அனுமதி). முன்னாலிருக்கும் 2 என்பது செட்ஜிஐடி. உள்ளே பிறக்கும் கோப்புகள் எல்லாம் அதே குழுவுக்குப் போகும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். யூமாஸ்க் (புதிய கோப்பில் எந்த அனுமதிகளை விலக்குவது என்ற அமைப்பு) 022 என்றால் புதிய கோப்பு 644 ஆகத்தான், சொந்தக்காரர் மட்டுமே எழுதும்படி, வரும்; குழு சரியாக இருக்கும், ஆனால் மற்றவர் எழுத முடியாது. செட்எஃப்ஏசிஎல் -டி (இது சிறிய எழுத்து d) கொடுத்து அந்தக் குழுவுக்கு எழுதும் அனுமதியை இயல்பாக்கினால் யூமாஸ்க் குறுக்கே வராது. எம்வி கொடுத்து அதே டிஸ்கில் நகர்த்திய கோப்பு பழைய குழுவையும் அனுமதியையும் கூடவே கொண்டுவரும், அதனால் உள்ளே நகலெடுக்கச் சொல்லுங்கள்.

குழுவில் ஆளைச் சேர்க்கும்போது யூசர்மாட் -ஏஜி (-aG). அந்த 'ஏ' விட்டுப்போனால் அவர் இருந்த மற்ற துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். சேர்த்த பிறகு அவர் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். குழுப் பட்டியல் லாகின் நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. "சேர்த்தாச்சு, ஆனாலும் வரலை" என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

உண்மையிலேயே ரூட் தேவைப்படும் வேலை, உதாரணமாக ஒரு சர்வீஸை மறுபடி தொடங்குவது, இருந்தால் விசூடோவில் (சூடோ விதிகளைத் திருத்தும் கட்டளை) அந்த ஒரு கட்டளையை மட்டும் எழுதிக் கொடுங்கள். அது ஸ்கிரிப்டாக இருந்தால் ரூட்டுக்குச் சொந்தமாக, 755 ஆக இருக்கட்டும். மாணவர் எழுதக்கூடிய ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். இல்லையென்றால் பெயரை மாற்றி வேறொன்றை அதே இடத்தில் வைப்பது ஒரு நிமிட வேலை. ஸ்கிரிப்டுக்கு செட்யூஐடி போட்டுப் பார்க்காதீர்கள், லினக்ஸ் கெர்னல் அதைக் கண்டுகொள்ளாது.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: அடுத்த முறை மாணவர் வரும்போது நான்கு விஷயங்களோடு வரச் சொல்லுங்கள். திரையில் வந்த செய்தி, அவருடைய குழுக்களைக் காட்டும் ஐடி (id) கட்டளையின் விடை, நேம்ஐ -எல் விடை, ஃபைண்ட்மவுண்ட் -டி விடை. நான்கையும் எடுக்க ரூட் தேவையில்லை. ஆய்வகச் சுவரில் ஒரு தாளில் ஒட்டிவிட்டால் பாதிப் பேர் உங்களிடம் வராமலே சரிசெய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
லினக்ஸ் பராமரிப்பில் இருக்கும் சிலர்