அந்த நையாண்டிப் பாட்டு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உங்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பத்துக்காக நீ அனுப்பியவற்றில், தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கிண்டல் செய்யும் பாட்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் வார்த்தை காதில் விழவில்லை, கண்ணம்மா. காதல் பாட்டில் பாதி வரி புரியாவிட்டாலும் மெட்டு காப்பாற்றிவிடும். நையாண்டியில் ஒரு சொல் நழுவினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

பல்லவியையே எடுத்துக்கொள். "கவலையை விடு" என்பதில் 'வி'யை இரண்டு பீட் இழுக்கிறாய். கேட்பவர் காதில் அது "கவலையை வீடு". குறிலை இழுத்தால் நெடிலாகி வேறு சொல்லாகிவிடும். மெட்டு நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே. சொல்லை மாற்று. "கவலை ஏன்" என்று வைத்தால் 'ஏ'யில் தாராளமாக நிற்கலாம்.

வேகம் 160 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 160 பீட். பீட்டுக்கு இரண்டு எழுத்து பாடினாலே நொடிக்கு ஐந்தைத் தாண்டும். இரண்டாம் சரணத்தில் பீட்டுக்கு நான்கு திணித்திருக்கிறாய். பாதியை வெட்டு.

குரல் அமுங்குகிறது என்று ஃபேடரை ஏற்றி ஒலி அளவைக் கூட்டாதே. மெய்யெழுத்துகளின் கூர்மையும் கரகரக்கும் டிஸ்டார்ஷன் கிடாரும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டு ரிதம் கிடாரையும் இடக்கோடி, வலக்கோடி என ஒதுக்கி, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்துப் பார். மறுபடி ரெக்கார்ட் செய்ய முடிந்தால் ஆம்ப்பில் கெயினையே, அதாவது அந்தக் கரகரப்பின் அளவையே, குறைப்பது இன்னும் நல்லது. ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து அடுக்கும்போது ஒலி தானாகவே தடித்துவிடும். டிரம்மரிடமும் சொல்: குத்தலான சொல் விழும் பீட்டில் கிராஷ் சிம்பலை அடிக்க வேண்டாம். அதற்கு முந்தைய இரண்டு பீட் எல்லோரும் கையை நிறுத்துங்கள். அந்த அமைதியில் சொல் தனியாக வந்து விழட்டும்.

பாடும்போது குரலில் சிரிப்பு கசிகிறது. அந்தப் பேச்சாளர் தன் பேச்சை நம்புகிறவர், நீயும் நம்பியே பாடு. டெட் கென்னடிஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழு 1980இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் உள்ள 'கலிபோர்னியா ஊபர் ஆலஸ்' பாட்டில், அப்போதைய கலிபோர்னியா கவர்னர் ஜெர்ரி பிரவுனே தன் பெயரைச் சொல்லிப் பேசுவதுபோல வரும். அதுதான் அதன் பலம். ஆனால் பெயர் சொன்ன பாட்டு காலத்தோடு கட்டுண்டது. 1981இல் அதிபர் ரீகனைக் குறிவைத்து வரிகளை மாற்றி, வேறு தலைப்பில் வெளியிட்டார்கள். நீ ஆளைச் சொல்லாமல் ரகத்தைப் பிடித்திருக்கிறாய். அதை மட்டும் மாற்றிவிடாதே.

மிக்ஸை முடிக்கும் முன், வரிகளைப் படித்திராத ஒருவருக்கு போன் ஸ்பீக்கரில் ஒரே ஒரு முறை போட்டுக் காட்டு. காதில் விழுந்ததை அவர் எழுதட்டும். தப்பாக எழுதிய வரிகளை எனக்கு அனுப்பு, சேர்ந்து சரிசெய்யலாம்.

அன்புடன்,
அப்பா