எட்டு மணி நேரத்துக்கு முன்பு பத்து மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் மே தின இதழின் கட்டுரையைப் படிப்பவர்கள், அமெரிக்காவில் வேலை நேரக் குறைப்புக்கான போராட்டமே 1886இல் எட்டு மணி நேர வேலை கேட்டுச் சிகாகோவில்தான் தொடங்கியது என்று எண்ணக்கூடும். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பத்து மணி நேர வேலைக்கான இயக்கம் அங்கு வேரூன்றியிருந்தது. 1835இல் பிலடெல்பியாவின் கைத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அதைப் பெற்றும்விட்டார்கள். பஞ்சாலைப் பெண்களுக்குத்தான் அது எளிதில் கிட்டவில்லை. அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகர ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து கம்பெனி விடுதிகளில் தங்கிய இளம்பெண்கள். 1834இல் கூலிக் குறைப்பையும் 1836இல் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள், 1845இல் சாரா பேக்லி முன்னின்று நடத்திய சங்கத்தின் வழியாகப் பத்து மணி நேர வேலை கேட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். மனுவை விசாரித்த சட்டமன்றக் குழுவின் தலைவர் வில்லியம் ஷூலரோ, மனுதாரர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் அவர்களே நேரில் வந்து வாதாட வேண்டும், இல்லையேல் மனு ஒதுக்கிவைக்கப்படும் என்று எழுதினார். பெண்கள் சபையேறிப் பேசுவதே தகாது என்றிருந்த அக்காலத்தில், தயங்கிப் பின்வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, அவர்கள் வந்தே விட்டார்கள். காலை ஐந்து மணி முதல் மாலை ஏழு மணி வரை வேலை, காலை உணவுக்கு அரை மணி, மதிய உணவுக்கு முக்கால் மணி என்று சாட்சியம் சொன்ன எலைசா ஹெமிங்வே, ஏறக்குறைய 150 பேர் வேலை செய்யும் தன் கூடத்தில் இருட்டு நேரத்தில் 293 சிறு விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரிந்ததைக் குறிப்பிட்டு, அங்குள்ள காற்று உடம்புக்கு ஆகாது என்றார்.

லோவெலை நேரில் பார்வையிட்ட குழு, ஆலைகளில் வளர்த்த பூச்செடிகளை மெச்சிவிட்டு, குறைகள் உண்டு, ஆனால் தீர்வு சட்டமன்றத்தின் கையில் இல்லை என்று அறிக்கை தந்து ஒதுங்கிக்கொண்டது. வாக்குரிமையே இல்லாத அப்பெண்கள் அடுத்த தேர்தலில் ஷூலரை எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். அவர் தோற்றார்; அதற்கு இவர்களே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் 1847இல் பத்து மணி நேரச் சட்டம் இயற்றியபோதும், தனி ஒப்பந்தத்தின் பேரில் கூடுதல் நேரம் வேலை வாங்க அதில் இடமிருந்ததால், கையெழுத்திட மறுத்தவர்களுக்கு ஆலைகளில் வேலை இல்லை என்றானது. மாசசூசெட்ஸில் பெண்களுக்கும் சிறார்களுக்குமான பத்து மணி நேரச் சட்டம் 1874இல்தான் வந்தது. அடுத்த மே தின இதழில் இவ்வரலாற்றுக்கும் சில பக்கங்கள் ஒதுக்க வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
தஞ்சாவூர்