மகன் என்ற பெயருக்குத் தவணை இல்லை

விசுவமடு,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

இந்த மாதக் காசு வந்து சேர்ந்தது. கூடவே நீ போட்டிருந்த வரியையும் பார்த்தேன். "இன்னும் ஏழு மாதம் இருக்கு. கட்டி முடியும் வரைக்கும் வரமாட்டன். வீட்டுக்கு வர முகமில்லை." போனில் பதில் எழுத எனக்கு விரல் ஓடவில்லை. தங்கச்சியின் பழைய கொப்பியில் ஒற்றை கிழித்து எழுதுகிறேன்.

நீ செய்தது சின்னப் பிழை இல்லை. தங்கச்சியின் காப்பையும் சங்கிலியையும் அவளுக்குத் தெரியாமல் அடைவு வைத்து, போனில் பந்தயம் கட்டித் தோற்றாய். அம்மா கச்சான் வறுத்து விற்றுச் சேர்த்த நகை அது. மீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். வேதாகமத்தில் வரும் வரி வசூலிக்கிற சக்கேயுவும் ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றுதானே சொன்னான். ஆனால் மரத்தில் ஏறியிருந்த அவனை இயேசு கீழே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும், உன் வீட்டில் தங்கவேண்டும் என்றதும் அதற்கு முன்னம். அவன் இன்னும் ஒரு சதமும் கொடுத்திருக்கவில்லை.

லூக்கா 15ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருக்கால் வாசி. தகப்பனிடம் சொத்துப் பங்கை வாங்கிக்கொண்டுபோய் அழித்த ஊதாரி மகன், பன்றி மேய்த்த இடத்திலேயே ஒரு பேச்சைப் பாடமாக்குகிறான். பாவம் செய்தேன், உங்கள் மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. 19ஆம் வசனத்தில் அந்தக் கூலியாள் கதை இருக்கிறது. தகப்பனுக்கு முன்னால் நின்று சொல்லும் 21ஆம் வசனத்தில் அது இல்லை. தகப்பன் அவ்வளவு தூரம் பேச விடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குள் உடுப்பும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிட்டான். நீ மாதா மாதம் காசோடு அனுப்புவது அந்தக் கூலியாள் வரியைத்தான், தம்பி. எனக்கு அதை வாசிக்க ஏலாமல் இருக்கிறது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

2009 தை மாதம், சண்டை நெருங்கி வர, இங்கிருந்து உடையார்கட்டுப் பக்கம் வெளிக்கிட்டோம். உனக்கு அப்போது ஒன்பது வயது. உழவு மெசின் பெட்டியில் சாமான்களுக்கு மேல் உன்னை ஏற்றிவிட்டிருந்தேன். பக்கத்து வளவு ஆச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு, "இடம் இருக்கே தம்பி?" என்று கேட்டா. இடம் இல்லை ஆச்சி என்றேன். பெட்டியில் 14 கூரைத் தகரமும் தையல் மெசினும் இருந்தன. நாலு தகரத்தை இறக்கியிருந்தால் அவ குந்தியிருந்து வந்திருப்பா. அந்தத் தகரங்களைப் பிறகு மாத்தளனில் போட்டுவிட்டுத்தான் வந்தோம்.

பிறகு செட்டிகுளத்தில், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த இராமநாதன் முகாமில், தண்ணீர் வரிசையில் நிற்கிறேன். பின்னால் "தம்பி" என்று ஒரு குரல். திரும்பாமலே யாரென்று தெரிந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கும் ஒரு கான் பிடிச்சுத் தாவன்" என்று மட்டும்தான் கேட்டா. மூடி இல்லாத கான். அவவின் கூடாரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். நடக்க நடக்கத் தண்ணீர் தளும்பி என் காற்சட்டைக் கால் முழுக்க நனைந்தது. அடுத்த நாளும் போனேன். இரண்டு கிழமை கழித்துத்தான் மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. பூசைக்கு வந்த சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ததும் அப்புறம்தான். அவ என்னை முதலில் பழையபடி "தம்பி" ஆக்கினா. அருள் என்று கோயிலில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கான்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. உன் ஞானஸ்நானச் சான்றிதழ் அந்த இடப்பெயர்வில் போய்விட்டது. அதற்காக நீ ஞானஸ்நானம் பெறாதவன் ஆகிவிட்டாயா? ஞானஸ்நானம் ஆன்மாவில் பதிக்கிற முத்திரை எந்தப் பாவத்தாலும் அழியாது என்றுதான் திருச்சபை படிப்பிக்கிறது. அதனால் எவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்தவனுக்கும் இரண்டாம் தரம் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பாவசங்கீர்த்தனம் போதும். நீ இருக்கும் இடத்திலும் தமிழ்ப் பூசை இருக்கும். விசாரித்துப் போ.

தங்கச்சி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். "உங்கட மகன் காசு போட்டிருக்கிறார்" என்கிறாள். அண்ணா என்று வரவில்லை. அந்த ஊதாரி மகன் உவமையில், தம்பி திரும்பி வந்ததற்குக் கோபித்த மூத்தவனும் தகப்பனிடம் "உம்முடைய மகன்" என்றுதான் சொன்னான். அவளை நான் அவசரப்படுத்தமாட்டேன். நோவு அவளுடையது. அவளிடம் நீ நேரே வந்து கேட்கவேண்டும். காசு அனுப்பி அதைச் செய்ய முடியாது.

ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா. நாங்கள் 12ஆம் தேதியே போய்க் கூடாரம் அடிக்கப்போகிறோம். போன வருடம் அம்மாவும் நானும் கம்பு நடப் பட்ட பாடு போதும். எனக்கு முழங்கால் மடங்குதில்லை, உன்னுடைய கை வேணும். தறப்பாள் வீட்டில் இருக்கிறது, கயிறுதான் இத்துப்போய்விட்டது. வவுனியாவில் இறங்கும்போது நல்ல நைலோன் கயிறு பத்து யார் வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா